பதினொன்றே கால்

மீட்டரை நிறுத்தச் சொல்லவில்லை அவர்.
"இறங்கி வாருங்கள்,
கண்ணுக்கும் சேர்த்து வாடகை தருகிறேன்."
திருமதி கெனோவெஃபா, ஷ்செச்சின் ஊர்.
கையில் மடக்குக் கோல்,
தோளில் மூன்று ஆப்பிள் கிடக்கும் துணிப்பை.

பத்தொன்பது வருடமாக
இந்தச் சதுக்கத்தின் ஓரத்தில் ஆள் இறக்குகிறேன்.
உள்ளே வந்ததில்லை.
வார்சாக்காரன் வார்சாவைப் பார்ப்பது
வெளியூர்க்காரர் கேட்டால்தான்.

"எதிரே என்ன?"
தூண், என்றேன். உச்சியில் அரசர்.
ஒரு கையில் சிலுவை, ஒரு கையில் வாள்.
"எந்தப் பக்கம் பார்க்கிறார்?"
அண்ணாந்தேன்.
அவர் தலைக்குச் சரியாகப் பின்னால் சூரியன்.
கண்ணீர்தான் வந்தது.
தெரியவில்லை, என்றேன்.
"அப்போ நாம் ரெண்டு பேர்" என்று சிரித்தார்.

சொல்லச் சொல்லத்தான் புரிந்தது
என்னிடம் எத்தனை குறைவாகச் சொற்கள் இருக்கின்றன என்று.
மஞ்சள் வீடு. அடுத்ததும் மஞ்சள்,
ஆனால் அந்த மஞ்சள் இல்லை.
"வெண்ணெயா, முட்டைக்கருவா?"
முட்டைக்கரு.
நேற்று அவித்த முட்டை.
தலையசைத்தார், ருசி பார்த்தவர்போல.

கோட்டையைப் பற்றி நான் நீட்டி முழக்கியதில் நாட்டமில்லை.
படத்துக்கு நிற்கும் மணப்பெண்
வெள்ளைக் கவுனுக்குக் கீழே
சேறு பட்ட கேன்வாஸ் ஷூ போட்டிருப்பதைச் சொன்னதும்
நின்றுவிட்டார்.
"என்ன நிறம்?"
பச்சை.
"லேஸ் கட்டியிருக்கிறாளா?"
ஒன்று மட்டும்.

பழைய நகரம் என்றேன் சந்துகளைக் காட்டி.
காட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல்
பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.
"பழையதா?
குண்டு விழுந்து செங்கல்பொடியான ஊர்.
ஓவியங்களைப் பார்த்துத் திரும்பக் கட்டினார்கள்.
அதைவிட எனக்கு ஏழு வயது கூடுதல், தம்பி."
அறுபத்தொரு வயதில் என்னைத் தம்பி என்கிறார் ஒருவர்.

கோட்டைக்குப் பக்கத்துப் புல்லில்
பழைய தூண்கள் கிடக்கின்றன.
போரில் விழுந்தது ஒன்று,
அதற்கும் மூத்தது ஒன்று.
இவற்றை நான் குப்பை என்றே நினைத்திருந்தேன்,
எடுத்துப்போக லாரி வராத குப்பை.

அவர் கோலை மடக்கினார்.
நாற்பது வருடம் மருத்துவமனையில்
முதுகுகளை நீவிவிட்டுச் சம்பாதித்த கை.
கருங்கல்லின்மேல் இரண்டு உள்ளங்கையும் வைத்து
கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்,
நோயாளியின் மூச்சு அடங்கட்டும் என்பதுபோல.
"குப்புறப் படுத்திருக்கிறான்."
பிறகு கட்டைவிரல் நகர்ந்தது,
தழும்பு தழும்பாக,
ஒரு குழியில் நின்றது.
"இங்கே."

வலிக்குமா என்று கேட்டேன்.
கேட்டபிறகு வெட்கமாக இருந்தது, கல்லிடம் போய்.
"கேட்டால் இல்லை என்பார்கள்.
ஆண்கள் எல்லோரும் அப்படித்தான் படுத்துக்கிடப்பார்கள்."

அப்போது கோபுரத்திலிருந்து எக்காளம்.
குண்டு பட்டுக் கடிகாரம் நின்ற நேரம் அது, பதினொன்றே கால்.
கடிகாரம் மறுபடி ஓடுகிறது.
தினமும் அந்த நிமிடத்தில் ஊதுகிறார்கள்.
பத்தொன்பது வருடமாக என் காதில் விழுவது
டிராம் மணியும் பின்னாலிருப்பவன் ஹாரனும்.
அவர் விரலை எடுக்கவில்லை,
ஊதி முடிக்கும்வரை.
புறாக்கள் எழும்பவில்லை, பழகிவிட்டன.
மணப்பெண் மற்ற லேஸைக் கட்டக் குனிந்தாள்.
அதைச் சொல்ல வாயெடுத்து
சொல்லாமல் விட்டேன்.

திரும்பினால் வண்டிக் கண்ணாடியில் அபராதச் சீட்டு.
நூறு ஸ்வோட்டி.
அவர் கண்ணுக்கென்று தனியாகத் தந்தது நூற்றிருபது.
மீதியில் அவருக்கே காப்பி வாங்கித் தந்தேன்.

விஸ்துலாப் பாலத்தில் ஏறும்போது
பின்பார்வைக் கண்ணாடியில் தூண் வந்தது,
தீக்குச்சி அளவு.
வெயில் விலகியிருந்தது.
அரசர் முகம் ஒரு கணம் தெளிவாக,
ஆனால் கண்ணாடியில் வலம் இடமாகும்,
நானோ இரண்டு லாரிகளுக்கு நடுவில்.

"பார்த்தீர்களா?" என்றார் பின்சீட்டிலிருந்து,
ஆப்பிளைக் கடித்துக்கொண்டு.

கிழக்கு ரயில் நிலையம் வரை யோசித்தேன்.